விண்மீன் மண்டலங்களின் வயதை வாசித்த பியட்ரிஸ் டின்ஸ்லி

இரவில் மொட்டை மாடியில் படுத்துக்கொண்டு வானத்து மீன்களை எண்ணிப் பார்க்காத சிறுமி நம்மில் யாரும் இருக்க முடியாது. எண்ணித் தோற்றுத் தூங்கிப் போவதே வழக்கம். அந்த விண்மீன்கள் எங்கே பிறக்கின்றன, எப்போது பிறந்தன, சில இடங்களில் ஏன் பிறப்பதையே நிறுத்திவிட்டன என்று கேட்பவர்கள் மிகச் சிலரே. அவ்வாறு கேட்டு, அந்தக் கேள்விக்குக் கணக்கால் விடை காணும் வழியை வகுத்துக் கொடுத்து, தம் 40ஆம் வயதிலேயே மறைந்த ஓர் அம்மையாரின் வாழ்க்கையை இவ்வாண்டு மலரில் தோழியருக்கு எடுத்துரைக்க விழைகிறோம். நியூசிலாந்து நாட்டில் அவர் பெயரில் ஒரு மலைச்சிகரம் இருக்கிறது. வானில் ஒரு சிறுகோளுக்கும் அவர் பெயரே. ஆயினும் நம் பாடப் புத்தகங்களில் அவர் பெயரை நாம் கண்டதில்லை.

பியட்ரிஸ் ஹில் 1941ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 27ஆம் நாள் இங்கிலாந்தின் செஸ்டர் நகரில் பிறந்தார். உலகப் போர் மூண்டிருந்த காலம் அது. மூன்று பெண் மக்களுள் நடுப்பிள்ளை அவர். தந்தை எட்வர்ட் ஹில் ஆங்கிலிக்கன் திருச்சபையின் குருவாக இருந்தவர்; தாயார் இசை அறிந்தவர். போர் முடிந்ததும், 1946இல், குடும்பம் கப்பலேறி நியூசிலாந்து சென்றது. முதலில் கிறைஸ்ட்சர்ச் நகரிலும் பின்னர் கடலோர ஊரான நியூ பிளைமவுத்திலும் அவர்கள் குடியிருந்தார்கள். தந்தையார் 1953 முதல் 1956 வரை அவ்வூரின் நகரத் தந்தையாகவும் விளங்கினார்.

நியூ பிளைமவுத் மகளிர் உயர்நிலைப் பள்ளியில் பியட்ரிஸ் படித்தார். கணக்கு எவ்வளவு பிடிக்குமோ அவ்வளவு வயலினும் பிடிக்கும். நாட்டின் இளைஞர் இசைக்குழுவில் இடம் பெறும் அளவுக்கு அவருக்கு வாசிப்பு கைவந்திருந்தது. இசையா அறிவியலா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கவேண்டிய வேளை வந்தபோது அறிவியலைத் தேர்ந்தார். ஆனால் வயலினை விடவில்லை, பிற்காலத்திலும் வாசித்துக்கொண்டிருந்தார். பள்ளியிலேயே முதன்மை மாணவி என்ற சிறப்புடன் கிறைஸ்ட்சர்ச்சில் உள்ள கான்டர்பரி பல்கலைக்கழகத்திற்குச் சென்று இயற்பியல் பயின்றார். முதுகலைப் பட்டத்திற்கு அவர் எழுதிய ஆய்வேடு படிகங்களைப் பற்றியது. விண்வெளிக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. ஆனாலும் முதல் வகுப்பில் தேறினார்.

1961இல் உடன் பயின்ற இயற்பியலாளர் பிரையன் டின்ஸ்லியை மணந்துகொண்டார். கணவர் பணியாற்றும் பல்கலைக்கழகத்தில் மனைவிக்கு வேலையில்லை என்ற நடைமுறை அங்கு இருந்தது. பியட்ரிஸ் வாழ்வில் முதல் கதவு சாத்தப்பட்டது அப்போதுதான். 1963இல் கணவருக்கு அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து டாலஸ் நகரில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் பணி கிடைத்தது. இவரும் உடன் சென்றார். அங்கே கணவருக்கு ஆய்வுக்கூடம் இருந்தது. இவருக்கு ஒரு வீடு இருந்தது. அதற்குமேல் ஒன்றும் இல்லை.

வானியலில் டாக்டர் பட்டம் பெறவேண்டுமானால் ஆஸ்டின் நகரிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்திற்குப் போகவேண்டும். டாலஸிலிருந்து ஆஸ்டினுக்குச் சுமார் 320 கிலோமீட்டர். சென்னையிலிருந்து திருச்சி போய் வருவது போன்றது என்று வைத்துக்கொள்ளலாம். 1964இல் அங்கே சேர்ந்தார். வீட்டை ஒரு நகரிலும் படிப்பை மற்றொரு நகரிலும் வைத்துக்கொண்டு போவதும் வருவதுமாக இருந்தவர், 1966ஆம் ஆண்டின் இறுதிக்குள் ஆய்வேட்டை முடித்துவிட்டார். அவ்வாண்டிலேயே ஓர் ஆண் குழந்தையையும் 1968இல் ஒரு பெண் குழந்தையையும் கணவரும் மனைவியும் தத்தெடுத்துக்கொண்டார்கள்.

அந்த ஆய்வேடு எதைப் பற்றியது என்பதைச் சற்று நின்று பார்ப்போம். அதில்தான் அம்மையாரின் பெருமை அடங்கியிருக்கிறது.

நம் சூரியன் இருப்பது பால்வெளி என்னும் விண்மீன் மண்டலத்தில். அதில் பத்தாயிரம் கோடிக்கு மேற்பட்ட விண்மீன்கள் உள்ளன. இதுபோன்ற மண்டலங்கள் எண்ணற்றவை வெளியெங்கும் பரந்து கிடக்கின்றன. மிகத் தொலைவில் உள்ள ஒரு மண்டலத்தின் ஒளி நம்மை வந்தடையப் பல நூறு கோடி ஆண்டுகள் ஆகின்றன. ஆகவே தொலைவில் பார்ப்பதென்பது பழங்காலத்தைப் பார்ப்பதே. 1960களில் இதைக் கொண்டு அண்டத்தின் எதிர்காலத்தை அறிய முயன்றார்கள். கலிபோர்னியாவின் பாலோமர் மலையில் உள்ள 200 அங்குலத் தொலைநோக்கியின் வழியே ஆலன் சாண்டேஜ் என்னும் பெரும் வானியலாளர் முட்டை வடிவப் பெருமண்டலங்களை அளந்து வந்தார். அவை எல்லாம் ஏறக்குறைய ஒரே ஒளி உடையவை, காலத்தால் மிகுதியும் மாறாதவை என்பது அன்றைய எண்ணம். ஒரே திறனுள்ள விளக்குகளைத் தெருவில் வரிசையாக வைத்தால், மங்கலாகத் தெரிவது தொலைவில் இருப்பது என்று சொல்லிவிடலாம் அல்லவா? அந்த முறையில் கணக்கிட்டு, அண்டத்தின் விரிவு குறைந்துகொண்டே வருகிறது, ஒரு நாள் நின்று மீண்டும் சுருங்கும் என்ற முடிவை நோக்கி அவர்கள் சென்றுகொண்டிருந்தார்கள்.

டாலஸ் வீட்டில் கைக்குழந்தையுடன் இருந்த 20 வயதுகளின் பெண்மணி, விளக்குகள் மாறாதவை அல்ல என்று காட்டினார்.

அவர் செய்த கணக்கின் அடிப்படை எளியது; செய்து முடிப்பதுதான் கடினம். விண்மீன்கள் பலவகை. எடை மிகுந்தவை வைக்கோல் தீயைப்போல நீலமாகப் பளிச்சென எரிந்து சில கோடி ஆண்டுகளில் முடிந்துபோகும். எடை குறைந்தவை உமிக் கனலைப்போலச் செம்மையாகக் கனன்று பல நூறு கோடி ஆண்டுகள் இருக்கும். சூரியனைப் போன்றதற்கு ஆயுள் சுமார் 1,000 கோடி ஆண்டு. இறக்கும் விண்மீன்கள் தம் பொருளில் ஒரு பகுதியை வாயுவாக வெளியே விடுகின்றன. அந்த வாயுவிலிருந்து அடுத்த தலைமுறை பிறக்கிறது. ஆகவே ஒரு மண்டலத்தில் எந்தக் காலத்தில் எத்தனை விண்மீன்கள் பிறந்தன என்று எடுத்துக்கொண்டால், அது இளமையில் என்ன நிறமாக, எவ்வளவு ஒளியுடன் இருந்திருக்கும், முதுமையில் எப்படி ஆகும் என்று படிப்படியாகக் கணக்கிடலாம். இதைக் கணிப்பொறியில் ஏற்றி, ஒரு மண்டலத்தின் பிறப்பு முதல் இன்றுவரை உள்ள வரலாற்றை அம்மையார் ஓட்டிக் காட்டினார். அக்காலத்துக் கணிப்பொறி அறை நிறைய நிற்கும்; துளையிட்ட அட்டைகளால் அதற்குக் கட்டளை இடவேண்டும். இன்று நம் கைப்பேசியில் உள்ள ஆற்றலின் ஒரு துளிகூட அதற்குக் கிடையாது என்பதையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

விடை என்னவென்றால், முட்டை வடிவ மண்டலங்கள் இளமையில் இன்றுள்ளதைவிட அதிக ஒளியுடன் இருந்திருக்கவேண்டும். அப்படியானால் தொலைவில் உள்ளவை, அதாவது பழங்காலத்தவை, உண்மையில் இருப்பதைவிட அருகில் இருப்பதுபோல நம் கணக்கை ஏமாற்றும். அந்தத் திருத்தத்தைச் செய்ததும், அண்டம் சுருங்கும் என்ற முடிவு நிலைக்கவில்லை. சாண்டேஜ் இதை எளிதில் ஏற்கவில்லை. பல ஆண்டுகள் வாதம் நடந்தது. உலகப் பெரும் தொலைநோக்கியும் பெரும் புகழும் ஒரு பக்கம். தொலைநோக்கியே இல்லாத, தகுதிக்கேற்ற நிலையான பதவியும் இல்லாத ஓர் இளம் தாய் மறுபக்கம். இந்த வாதத்தில் அம்மையார் ஒருமுறைகூடக் கணக்கை விட்டு ஆளைப் பற்றிப் பேசி வெல்லப் பார்க்கவில்லை என்பதே எங்களுக்கு மிகவும் பிடித்தது. இன்று மண்டலங்கள் காலத்தால் மாறுவன என்பதில் வானியலாருக்கு ஐயமே இல்லை.

1974இல் ரிச்சர்ட் காட், ஜேம்ஸ் கன், டேவிட் ஷ்ராம் ஆகியோருடன் சேர்ந்து, அண்டம் என்றென்றும் விரிந்துகொண்டே போகும் என்பதற்கான சான்றுகளைத் தொகுத்துக் கட்டுரை எழுதினார். அடுத்த ஆண்டே கன் என்பவருடன், விரிவு குறைவதற்கு மாறாக வேகம் கூடிக்கொண்டும் இருக்கலாம் என்று எழுதினார். அன்று அதைப் பலர் பொருட்படுத்தவில்லை. 1998இல் வெடிக்கும் விண்மீன்களை அளந்த இரு குழுவினர், விரிவின் வேகம் உண்மையிலேயே கூடுகிறது என்று கண்டார்கள். அதைக் கேட்க அம்மையார் இல்லை.

இனிச் சொல்லவேண்டியதைச் சொல்ல எங்களுக்குச் சற்றுத் தயக்கம்தான். ஆனால் அதை மறைத்துவிட்டு அவர் வரலாற்றை எழுதினால் அது வரலாறாகாது. டாலஸில் அவருக்கு முழுப் பதவி கிட்டவில்லை. ஆஸ்டினில் பகுதி நேரப் பணி; கலிபோர்னியாவில் சில மாதம் விருந்தினராக ஆராய்ச்சி; மீண்டும் வீடு, சமையல், பிள்ளைகள், இரவில் கணக்கு. 1974இல் அமெரிக்க வானியல் கழகம் அவருக்கு ஆனி கேனன் பரிசை வழங்கியது. அதே ஆண்டில் மணவாழ்க்கை முறிந்தது. பிள்ளைகளைத் தந்தையிடம் விட்டுவிட்டு அவர் தனியே புறப்பட்டார். 1975இல் நியூ ஹேவன் நகரிலுள்ள யேல் பல்கலைக்கழகத்தில் துணைப் பேராசிரியராகச் சேர்ந்தார்.

இதைப் படிக்கும் தோழியருள் சிலர், பெற்ற தாயே ஆகட்டும் வளர்த்த தாயே ஆகட்டும், பிள்ளைகளை விட்டுப் போகலாமா என்று கேட்பீர்கள். எங்களுக்குள்ளும் இதைப் பற்றிப் பேச்சு எழுந்தது. ஒருமித்த முடிவுக்கு வர எங்களால் முடியவில்லை. அந்தப் பிரிவு அம்மையாருக்கு எளிதாக இருக்கவில்லை என்பதை மட்டும் அவர் பெற்றோருக்கு எழுதிய கடிதங்கள் காட்டுகின்றன. அக்கடிதங்களைத் தொகுத்துத் தந்தையார் எட்வர்ட் ஹில் 1986இல் ஒரு நூலாக வெளியிட்டார். அதே காலத்தில் வீட்டைவிட்டு வேறு நகரத்தில் ஆராய்ச்சி செய்த ஆண்கள் எத்தனையோ பேர். அவர்களைப் பார்த்து இந்தக் கேள்வியை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை என்பதையும் இங்கே குறிக்கிறோம்.

யேலில் அவர் மலர்ந்தார். மாணவர்கள் சூழ்ந்தார்கள். ரிச்சர்ட் லார்சன் என்ற அறிஞருடன் இணைந்து உழைத்தார். 1977இல் இருவரும் விண்மீன் மண்டலங்களின் வளர்ச்சி பற்றிய ஒரு மாநாட்டை யேலில் கூட்டினார்கள். அதுவரை மண்டலங்களின் வளர்ச்சி என்பது அண்டவியலுக்கு இடையூறு செய்யும் ஒரு திருத்தமாகவே கருதப்பட்டது. அந்த மாநாட்டிற்குப் பின் அதுவே தனித் துறையாயிற்று. 1978இல் அம்மையார் முழுப் பேராசிரியரானார். யேல் வானியல் துறையில் அப்பதவி பெற்ற முதல் பெண்மணி அவரே.

லார்சனும் அவரும் அவ்வாண்டு ஒரு வியப்பான செய்தியை வெளியிட்டார்கள். இரண்டு மண்டலங்கள் ஒன்றையொன்று நெருங்கி மோதும்போது, வாயு நெருக்கப்பட்டு ஒரே வீச்சில் ஏராளமான விண்மீன்கள் பிறக்கின்றன என்பதை, சிதைந்த தோற்றமுடைய மண்டலங்களின் நிறத்தைக் கொண்டே நிறுவினார்கள். விண்மீன் பிறப்பு ஒரே சீராக நடப்பதன்று. சில வேளை பொங்கும், சில வேளை வற்றும். அப்படியானால் வற்றுவது ஏன்? 1980இல் லார்சன், கால்டுவெல் ஆகியோருடன் எழுதிய கட்டுரையில் இந்தக் கேள்வியையே எடுத்துக்கொண்டார்கள். சுருள் கைகள் இல்லாத, தட்டு வடிவான சில மண்டலங்களில் புதிய விண்மீன்கள் பிறப்பதில்லை. வெளியிலிருந்து வரவேண்டிய வாயு நின்றுபோனதால், கையிருப்பைச் செலவழித்துத் தீர்த்துவிட்ட மண்டலங்கள் அவை என்று விளக்கினார்கள். கிணற்றுக்கு ஊற்று அடைபட்டால் இறைத்த நீர் எத்தனை நாள் வரும்?

ஊற்றை அடைத்தது யார் என்பதன் முழு விடை அவர் காலத்தில் கிட்டவில்லை. அதை அறிந்துகொள்ளும் ஆயுளும் அவருக்கு இல்லை. 1978இல் காலில் தோன்றிய ஒரு மறு, தோல் புற்றுநோய் என்று மருத்துவர்கள் கண்டார்கள். பேராசிரியர் பதவியும் இந்தச் செய்தியும் ஒரே ஆண்டில் வந்தன. சிகிச்சைக்கு நடுவே பாடம் நடத்தினார், மாணவர்களின் ஆய்வுகளைத் திருத்தினார், விண்மீன்களும் வாயுவும் எவ்வாறு மண்டலங்களில் மாறி வளர்கின்றன என்று நீண்ட ஒரு தொகுப்புரை எழுதினார். 1980இல் வந்த அந்தத் தொகுப்புரையை இன்றும் ஆராய்ச்சி மாணவர்கள் தேடிப் படிக்கிறார்கள். நோய் மூளைக்குப் பரவி வலக்கை செயலற்றபோது இடக்கையால் எழுதப் பழகினார். இறப்பதற்குச் சுமார் 10 நாள் முன்னதாகத் தம் கடைசிக் கட்டுரையை இதழுக்கு அனுப்பினார். 1981 மார்ச் 23ஆம் நாள் யேல் மருத்துவ விடுதியில் உயிர் நீத்தார். ஆராய்ச்சி செய்த 14 ஆண்டுகளில் நூறு அளவிலான கட்டுரைகள் எழுதியிருந்தார்.

அவர் விட்டுச்சென்ற கேள்வியைப் பின்வந்தவர்கள் எங்கே கொண்டு சேர்த்தார்கள் என்பதையும் கேளுங்கள்.

ஏறத்தாழ ஒவ்வொரு பெரிய மண்டலத்தின் நடுவிலும் ஒரு மாபெரும் கருந்துளை இருப்பதை இப்போது அறிந்திருக்கிறோம். நம் பால்வெளியின் நடுவே இருப்பதன் எடை 40 லட்சம் சூரியன்களுக்குச் சமம். இடமோ புதன் கோளின் சுற்றுப்பாதைக்குள் அடங்கிவிடும். கருந்துளை எல்லாவற்றையும் விழுங்கும் என்று மட்டுமே நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். உண்மையில் அது பந்தியில் சிந்திச் சிந்தி உண்ணும் பிள்ளையைப் போன்றது. வாயு அதனுள் நேராக விழுவதில்லை. தட்டுப்போலச் சுழன்று, உரசி, பல லட்சம் பாகை சூடேறிக் கண்கூசும் ஒளி விடுகிறது. அந்த ஒளியின் அழுத்தமும் காந்தப் புலமும் வாயுவில் ஒரு பகுதியைப் புயல்போல் வெளியே வீசி எறிகின்றன. 1998இல் ஜோசப் சில்க், மார்ட்டின் ரீஸ் ஆகிய இருவரும், இந்தக் காற்று மண்டலம் முழுவதன் வாயுவையும் தள்ளிவிட வல்லது என்று கணக்கிட்டார்கள். 2000ஆம் ஆண்டில் இரு குழுவினர், கருந்துளையின் எடையும் அதைச் சூழ்ந்த விண்மீன்கள் விரையும் வேகமும் ஒன்றுக்கொன்று இசைந்திருப்பதைக் கண்டார்கள். இத்தனை சிறிய பொருளுக்கும் இத்தனை பெரிய மண்டலத்திற்கும் எப்படி உறவு ஏற்பட்டது? இடையே தூது சென்றது இந்தக் காற்றாகவே இருக்கவேண்டும் என்று பலர் கருதுகிறார்கள்.

விண்மீன் பிறக்க வாயு மிகவும் குளிர்ந்திருக்கவேண்டும். சுழியத்திற்குக் கீழே 260 பாகை அளவில். அப்போதுதான் தன் எடையாலேயே அது சுருங்கிக் கட்டியாகும். அடுப்பில் கொதிக்கும் பாலில் எவ்வளவு பிரைமோர் விட்டாலும் தயிர் உறையுமா? கருந்துளைக் காற்று இரண்டு வழியில் பிறப்பைத் தடுக்கிறது: இருக்கிற குளிர்ந்த வாயுவை வெளியேற்றுகிறது; வெளியிலிருந்து வரவேண்டிய வாயுவைக் குளிரவிடாமல் சூடாக்கிக்கொண்டே இருக்கிறது. பெர்சியஸ் மண்டலக் கூட்டத்தின் நடுவே கருந்துளையின் பீற்று சூடான வாயுவில் பெரும் குமிழிகளை ஊதியிருப்பதைச் சந்திரா எக்ஸ்ரே தொலைநோக்கி தெளிவாகக் காட்டியது. 1999இல் விண்ணில் ஏவப்பட்ட அத்தொலைநோக்கி, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற நம் சந்திரசேகரின் பெயர் தாங்கியது என்பதை நினைக்க மனம் மகிழ்கிறது. 2015இல் பி.டி.எஸ். 456 என்ற தொலைதூரப் பொருளில், ஒளியின் வேகத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு வேகத்துடன் எல்லாத் திசையிலும் வீசும் காற்றை அளந்தார்கள். இந்தக் காற்று எப்போதும் அழிப்பதே என்றும் சொல்வதற்கில்லை. சில இடங்களில் பீற்று போய் மோதும் வாயு நெருங்கி, அங்கே புதிதாக விண்மீன்கள் பிறந்திருக்கின்றன.

சிறிய மண்டலங்களில் வெடிக்கும் விண்மீன்களே வாயுவை விரட்டப் போதும். பெரியவற்றை அடக்க அவற்றால் ஆகாது. அங்குதான் கருந்துளை வேண்டியிருக்கிறது.

ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி 2021 டிசம்பரில் ஏவப்பட்டது. அதன் துணைகொண்டு, பெருவெடிப்பிலிருந்து சுமார் 200 கோடி ஆண்டுகளே கடந்த காலத்து ஒரு மண்டலத்தைக் கேம்பிரிட்ஜ் அறிஞர்களின் குழு ஆராய்ந்து 2024இல் முடிவுகளை வெளியிட்டது. அளவில் நம் பால்வெளியை ஒத்தது அது. ஆனால் அவ்வளவு இளமையிலேயே அதில் விண்மீன் பிறப்பு பெரும்பாலும் ஓய்ந்துவிட்டது. நடுவே கருந்துளை விழித்திருக்கிறது. நொடிக்குச் சுமார் 1,000 கிலோமீட்டர் வேகத்தில் குளிர்ந்த வாயு வெளியேறிக்கொண்டிருக்கிறது; விண்மீன்களாக ஆகவேண்டிய அதே வாயு. இதுவரை இத்தகைய குளிர்ந்த காற்று அங்கே கண்ணுக்குப் படாமலே இருந்தது. பின்னால் உள்ள விண்மீன்களின் ஒளியை அது மறைத்ததைக் கொண்டே கண்டுபிடித்தார்கள்.

அந்த மண்டலத்தில் பிறப்பு எப்போது ஓய்ந்தது என்று எப்படித் தெரிந்துகொண்டார்கள்? ஒளியின் நிறங்களைப் பிரித்து, எந்த வயதுள்ள விண்மீன்கள் எத்தனை சேர்ந்தால் இந்த ஒளி வரும் என்று கணக்கிட்டுத்தான். வைக்கோல் தீ அணைந்துவிட்டது, உமிக் கனல் மட்டும் இருக்கிறது என்று அந்தக் கணக்கு சொல்லியது. 1966இல் டாலஸுக்கும் ஆஸ்டினுக்கும் இடையே போய்வந்த ஒரு மாணவி துளையிட்ட அட்டைகளில் தொடங்கிவைத்த கணக்கின் வழிவந்ததே அது.